கம்பியைப் பிடித்திருந்த கை

அத்தியாயம் 6

“மேடம், சந்தேக வட்டத்தைச் சுருக்கிட்டேன்” என்றான் தமீம் அன்சாரி.

மகாதேவி மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, “எத்தனை பேரு?” என்றாள்.

“இருபத்தெட்டாயிரம் சொச்சம். குரூப்ல இருக்கிற அத்தனை பேரும். அதுல செத்தவங்க, சிங்கப்பூர் போனவங்க, பாஸ்வேர்டை மறந்தவங்களைக் கழிச்சாலும் இருபதாயிரம் தேறும். ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து விசாரிச்சா, என் பேரனோட பேரன்தான் கேஸை முடிச்சு வைக்கணும்.”

“உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலயே.”

“அதான் மேடம் சொல்றேன். நாளாகும்.”

மூஞ்சிக்கல் பகுதியில் தமீமின் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறைதான் மகாதேவியின் துப்பறியும் நிலையம். கொடைக்கானல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஊரின் பாதிக் குடும்பச் சண்டைகளைக் காதில் வாங்கியவள் அவள். வாங்கியதில் ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் இந்தத் தொழிலுக்கு வந்தபோது, ‘இந்தம்மாவுக்குத் தெரியாதது என்ன இருக்கு, புதுசா துப்பறிய?’ என்று ஊர் சிரித்தது. தமீம் கீழே ரிப்பேர் பார்ப்பான். மேலே வந்தால் வாய் பார்ப்பான். இரண்டிலும் கெட்டிக்காரன்.

வழக்கு இதுதான். ‘மலைமேல் நாம்’ என்று ஒரு ஃபேஸ்புக் குரூப். புயலில் மலை முழுக்க மரம் சாய்ந்து, கரண்டும் ரோடும் இல்லாமல் கிடந்த நாட்களில் ரோகிணி என்கிற சாக்லேட் கடைக்காரப் பெண் ஆரம்பித்தது. எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எந்த ஊருக்கு ஜீப் போகிறது, யாருக்கு ரத்தம் வேண்டும் என்று அன்றைக்கு அந்தக் குரூப்பைத்தான் மலையே பார்த்தது. புயல் போனது, குரூப் நிலைத்தது. இப்போது அதில் காணாமல் போன நாய்க்குட்டி முதல் கவுன்சிலர் மீதான வசவு வரை எல்லாமும் உண்டு. ரோகிணி அதற்கு அட்மின். உறுப்பினர்கள் எழுதுவதைப் படித்துப் பார்த்து, தகாததை நீக்குவதற்கு அவளோடு இரண்டு மாடரேட்டர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி சேனாதிபதி. இன்னொருவன் வில்பட்டி ஜீப் டிரைவர் கோகுல்ராஜ்.

அந்தக் கோகுல்ராஜ் மீதுதான் அதே குரூப்பில் ஒரு குற்றச்சாட்டு வந்தது. சென்னையிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெண் வட்டக்கானல் போக அவன் ஜீப்பில் ஏறினாளாம். பாதி வழியில் வண்டியை நிறுத்தி அவளிடம் முறைகேடாக நடந்தானாம். ‘பெயர் வெளியிட விரும்பாத ஒரு தங்கை எனக்கு அனுப்பியது’ என்று ரோகிணியே அதைப் பதிவு போட்டிருந்தாள். கூடவே ஜீப்பின் படம்.

மறுநாள் சாயங்காலம் மூஞ்சிக்கல் முக்கில் வைத்து அவனை அடித்தார்கள். ஜீப் கண்ணாடி போனது, கையிலிருந்த போன் நொறுங்கியது, இடது காது கேட்காமல் போனது. வில்பட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவன் அவன். ஒரு தாயும் அதன் பிறகு பிள்ளையை அனுப்பவில்லை. ஜீப் ஸ்டாண்ட் பட்டியலிலிருந்து அவன் பெயரை நீக்கினார்கள். புகார் கொடுக்க எந்தப் பெண்ணும் வராததால் போலீசில் வழக்கு இல்லை. வழக்கு இல்லாததால் விடுதலையும் இல்லை.

அவன் மனைவி கண்மணிதான் மகாதேவியைத் தேடி வந்தவள். “எழுதின பொண்ணு யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. நெசம்னா நானே அவ கால்ல விழுந்துட்டு, இவரை விட்டுப் போயிர்றேன். பொய்யின்னா...” என்று சொல்லி, முடிக்காமல் போயிருந்தாள்.

ரோகிணியிடம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. “அந்தப் பொண்ணோட பேரை என் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் மேடம். இட்ஸ் அ மேட்டர் ஆஃப் ட்ரஸ்ட்” என்று கதவைச் சாத்தியிருந்தாள்.

“கோகுல்ராஜ் அண்ணன் யார் யாரோட போஸ்டை எல்லாம் டெலீட் பண்ணாரோ, அத்தனை பேருக்கும் அவர் மேல காண்டு மேடம்” என்றான் தமீம். “எங்க மாமா ஒருத்தர் தெனமும் காலைல ‘குட் மார்னிங்’னு ரோஜாப்பூ போடுவாரு. அண்ணன் தெனமும் அழிப்பாரு. மாமா இவரைப் பத்திப் பேசினா, கேக்கிறவன் சொத்துத் தகராறுன்னு நெனைப்பான்.”

மகாதேவி தமீமின் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப்பின் பக்கவாட்டு, நம்பர் பலகையில் பாதி. படத்தின் ஓரத்தில், ஏறும் இடத்துக் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண்ணின் கை. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது.

அந்தக் கை ரொம்பப் பிரபலம். பதிவில் அதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ‘இது அந்தத் தங்கையின் கை’ என்று ஒருவர் சிவப்பு வட்டம் போட்டார். ‘நடுங்குவது தெரிகிறதா?’ என்றார் இன்னொருவர். ஒரு புண்ணியவான் கவிதையே எழுதியிருந்தார்.

“இதைப் பெருசாக்கு.”

தமீம் பெரிதாக்கினான்.

“என்ன தெரியுது?”

“நாலு விரல், ஒரு கட்டை விரல். டோட்டல் கரெக்டா இருக்கு மேடம்.”

“நகத்தைப் பாருடா.”

நகக்கண்ணில் கறுப்பு மண் அப்பியிருந்தது. கட்டை விரலின் ஓரம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒரு தோல், வெங்காயச் சருகு போல.

“டூர் வந்த பொண்ணு நகத்துல சாயம் இருக்கும். இல்ல, ஒண்ணுமே இருக்காது. மண்ணு இருக்குமா? இது தோட்டத்துக் கை. பூண்டு பிடுங்கிட்டு நேரா வந்து ஜீப்ல ஏறின கை” என்றாள் மகாதேவி. “இத்தனை ஆயிரம் பேரு வட்டம் போட்டு அழுதிருக்காங்க. ஒருத்தரும் பாக்கல.”

“அழுதா கண்ணு மறைக்கும்ல மேடம்.”

“கெளம்பு. வில்பட்டி போவோம்.”

*

தமீமின் பைக், மகாதேவியின் எடையையும் சாலையின் இறக்கத்தையும் ஒரே நேரத்தில் சமாளித்துக்கொண்டு இறங்கியது. இரண்டு பக்கமும் படிப்படியாகத் தோட்டங்கள். கேரட், பீன்ஸ், பூண்டு. மேகம் கீழேயிருந்து ஏறி வந்து பாதித் தோட்டத்தை மூடியிருந்தது.

கோகுல்ராஜின் வீடு கடைசி வளைவுக்குக் கீழே. முற்றத்தில் கண்ணாடி இல்லாத ஜீப், தார்ப்பாய் போர்த்தி நின்றது. கண்மணி வாசலில் விதைப்பூண்டுக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தாள்.

“வாங்க மேடம். அவுக உள்ளதான் இருக்காக. வெளிய வர்றதில்ல.” குரலைத் தாழ்த்தினாள். “மருந்து டப்பாவையும் கயித்தையும் எல்லாம் எங்க அக்கா வீட்ல கொண்டுபோய்ப் போட்டுட்டேன். தோட்டத்துக்கு மருந்தடிக்க வேண்டிய நேரம். பூச்சி அரிச்சாலும் அரிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

தமீம் சொல்ல வைத்திருந்த ஜோக்கை விழுங்கினான்.

மகாதேவி போனை அவளிடம் நீட்டினாள். “நீ இந்தப் படத்தைப் பாத்திருக்கியா?”

“எங்கிட்ட பட்டன் போனுதான் மேடம். அவுக போனையும் ஒடச்சுட்டாங்க. சொல்லக் கேட்டதுதான். அதைப் பாக்கிற தைரியமும் எனக்கு வரல.”

“இப்ப பாரு.”

கண்மணி பார்த்தாள். முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு தன் வலது கையை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். வெடித்த கட்டை விரல், அதே வெடிப்பு. மோதிர விரலில் அரிவாள் பட்ட வடு, படத்திலும் இருந்தது.

“மேடம்” என்றாள். “இது என் கை.”

மேகம் முற்றத்துக்குள் வந்து போனது.

“என் கையக் காட்டியா இவரை அடிச்சாங்க?” என்றாள் கண்மணி. தமீமைத்தான் கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

சத்தம் கேட்டுக் கோகுல்ராஜ் வெளியே வந்தான். நெடிய ஆள், கூன் விழுந்தவனைப் போல நின்றான். வலது காதைத் திருப்பிக்கொண்டு கேட்டான். படத்தைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“பூண்டு எடுத்துட்டு வடுகபட்டிச் சந்தைக்குக் கெளம்பினப்ப எடுத்தது மேடம். பக்கத்து வீட்டு ஆளுதான் என் போன்ல எடுத்தாரு. இவ ஏறும்போது சிரிச்சுக்கிட்டே ஏறுனா. முழுப் படத்துல மூஞ்சியும் இருக்கும்.”

“மூஞ்சியை வெட்டினவங்க விரலை விட்டுட்டாங்க” என்றாள் மகாதேவி. “அந்தப் படத்தை யாருக்கு அனுப்பினீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிக்க என்ன இருக்கு? எங்க மாடரேட்டர் வாட்ஸப்புக்கு மட்டும்தான். ‘இன்னைக்குச் சந்தைக்குப் போறேன், குரூப்ப நீங்க பாத்துக்கங்க’ன்னு போட்டு, கூட அந்தப் படத்தை அனுப்பினேன். அதுல நாங்க மூணு பேருதான். நான், ரோகிணி மேடம், சேனாதிபதி சார்.”

தமீம் விரல் சொடுக்கினான். “முடிஞ்சது! சேனாதிபதி சார்! மேடம், அவருக்கும் அண்ணனுக்கும் ஆகவே ஆகாது. ஊருக்கே தெரியும். ‘ஜீப் ஓட்டுறவன் எனக்கு ரூல்ஸ் சொல்றான்’னு பேக்கரில நின்னு கத்துனவரு. அவருதான் பொண்ணு பேர்ல எழுதி, படத்தையும் வெட்டி, ரோகிணி மேடத்துக்கு அனுப்பி ஏமாத்தியிருக்காரு!”

“அவரு மதுரைல கண் ஆஸ்பத்திரில இருக்காருன்னு சொன்னாங்களே” என்றான் கோகுல்ராஜ்.

“கண்ணுக்குத்தான வைத்தியம்? விரலுக்கு இல்லயே.”

“யாரு எழுதினா என்ன தம்பி?” கோகுல்ராஜ் சிரிக்க முயன்றான். “எழுதினது ஒரு ஆளு. அடிச்சவன்ல பாதிப் பேரு பொண்டாட்டியப் பிரசவத்துக்கு என் ஜீப்பிலதான் ஏத்திட்டுப் போனேன்.”

தமீம் பையிலிருந்து தான் ரிப்பேர் பார்த்து வைத்திருந்த பழைய போன் ஒன்றை எடுத்தான். நொறுங்கிய போனிலிருந்த சிம்மைக் கழற்றி அதில் போட்டுத் தருகிறேன் என்று ஜீப் பக்கம் ஒதுங்கினான். மகாதேவி அந்த நேரத்தில் கோகுல்ராஜின் நல்ல காதுக்கு அருகே குனிந்து ஏதோ கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிப் பதில் சொல்வது தெரிந்தது. என்ன என்று காதில் விழவில்லை.

திரும்பும்போது பைக்கில், மலை ஏறி முடிக்கிற வரை தமீம் வாயாலேயே சேனாதிபதியைக் கைது செய்து, கோர்ட்டில் நிறுத்தி, தண்டனையும் வாங்கிக் கொடுத்தான்.

“மதுரைக்கு பஸ் பிடிக்கலாமா மேடம்?”

“வேண்டாம். ரோகிணி கடைக்கு விடு.”

“அவங்க எதுக்கு? பாவம், ஏமாந்தவங்க.”

“அதைத்தான் சொல்லப் போறோம்.”

*

அண்ணா சாலையில் ரோகிணியின் சாக்லேட் கடை. சீசன் முடிந்த மத்தியானம், கடைக்குள் யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தொட்ட பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். மகாதேவியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“மேடம், நான் அன்னிக்கே சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு பேரை...”

“பேரைக் கேக்க வரலம்மா. உங்களை ஒருத்தர் ஏமாத்திட்டாரு. அதைச் சொல்லிட்டுப் போக வந்தேன்.” மகாதேவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “சேனாதிபதி சார் ஒத்துக்கிட்டாரு. சென்னைப் பொண்ணு யாரும் கெடையாது. நிவேதான்னு ஒரு ஃபேக் ஐடி உண்டாக்கி, அந்தக் கதையையும் படத்தையும் அவருதான் உங்களுக்கு அனுப்பினாராம்.”

தமீமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேனாதிபதியை இந்தம்மா எப்போது பார்த்தாள்? தான் ஜீப் பக்கம் ஒதுங்கிய நேரத்தில் போனில் பேசிவிட்டாளா? கோபம் வந்தது. ஆனாலும் தான் சொன்னதுதான் சரி என்றானதில் பெருமையும் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

ரோகிணியின் தோள் தளர்ந்தது. பெரிய சுமை இறங்கியதைப் போல மூச்சு விட்டாள்.

“ஓ காட்... சேனாதிபதி சாரா?” நெற்றியில் கை வைத்தாள். “ஐ கான்ட் பிலீவ் திஸ்.”

“நிவேதாங்கிற பேர்லதான வந்துச்சு?”

“ஆமா மேடம். நிவேதா. அந்தப் பேர்தான்.”

“முழுப் பேரு ஏதும்?”

“இல்ல, நிவேதான்னு மட்டும்தான். ப்ரொஃபைல்ல ஏதோ பூ படம். ரொம்ப அழுது அழுது எழுதியிருந்துச்சு. நான் அப்படியே நம்பிட்டேன். பொண்ணாச்சேன்னு... சே!”

மகாதேவி எழுந்தாள். கடை வாசலுக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கினாள்.

“ரோகிணி, இங்க வாங்க. எதிர்ல இருக்கிற போர்டைப் படிங்க.”

எதிர்ச்சாரியில் பூட்டிக் கிடந்த ஸ்வெட்டர் கடை. ஷட்டருக்கு மேலே வெளுத்துப்போன எழுத்து. ‘நிவேதா உல்லன்ஸ்.’

“பைக்கை விட்டு எறங்கினப்ப கண்ணுல பட்டுச்சு. அதையே சொன்னேன்” என்றாள் மகாதேவி. “சேனாதிபதி சாரை நான் பாக்கவும் இல்ல, பேசவும் இல்ல. இல்லாத பொண்ணுக்கு நான் ஒரு பேரு வச்சேன். நீங்க அதுக்குப் பூப் படம் வச்சிட்டீங்க.”

தமீம் எதிர் போர்டைப் பார்த்தான். மகாதேவியைப் பார்த்தான். கடைசியில் ரோகிணியைப் பார்த்தான். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

“நேத்து வரைக்கும் உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்னு இருந்த பேரு. இன்னிக்கு நான் கேட்டதும் ‘ஆமா’ன்னு வந்துருச்சு. நெசமா ஒரு பொண்ணு எழுதியிருந்தா அவ பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ‘நிவேதா இல்லயே’ன்னு முதல்ல நீங்கதான் சொல்லியிருப்பீங்க.”

ரோகிணி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். அழுவாள் என்று தமீம் நினைத்தான். அவள் அழவில்லை. பேசினாள். இத்தனை நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவளைப் போலப் பேசினாள்.

“இந்தக் குரூப்பை நான் தனியா வளத்தேன் மேடம். காலைல காபி குடிக்கிறதுக்கு முன்னாடி போனைத் திறந்தா, முதல்ல கண்ணுல படுறது யாரோ யாரையோ பண்ணின அசிங்கம். அதை அள்ளி வெளிய போட்டுட்டுத்தான் பல்லே தேய்ப்பேன். ‘என் போஸ்டை ஏன் எடுத்தே’ன்னு என் ஒடம்பைப் பத்தி எழுதுவானுங்க. என் புருஷன் விட்டுட்டுப் போனதைப் பத்தி எழுதுவானுங்க. சம்பளம் இல்ல, நன்றி இல்ல. சாக்கடை அள்ளுறவளை எவன் பாக்கிறான்? கோகுல்ராஜ் பின்னாடி வந்தான். அவன் ஒரு போஸ்டை அழிச்சா ‘சூப்பர்ணே’ன்னு கை தட்டுறாங்க. நான் அழிச்சா ‘திமிரு பிடிச்சவ.’”

“அவன் கடைசியா அழிச்சது உங்க போஸ்டை” என்றாள் மகாதேவி மெதுவாக.

ரோகிணி நிமிர்ந்தாள். “அவன் சொன்னானா?”

“நான் கேட்டேன். சொல்ல இஷ்டம் இல்லாமத்தான் சொன்னான். அப்பகூட ‘அவங்க நல்லவங்க’ன்னான்.”

வில்பட்டி முற்றத்தில் காதோடு காதாகக் கேட்டது இதுதான் என்று தமீமுக்கு இப்போது விளங்கியது.

“வடகவுஞ்சிப் பக்கம் ஒரு குடும்பம் காட்டுமாட்டுக்கு விஷம் வைக்குதுன்னு எனக்கு ஒருத்தங்க சொன்னாங்க. போட்டேன். அரை மணி நேரம்கூட இருக்கல. ‘ஆதாரம் இல்லாததால் நீக்கப்பட்டது’ன்னு அவன் எழுதிட்டான். எல்லாரும் பாக்கிற மாதிரி! நான் கட்டின வீட்ல, என்னையே பிடிச்சு வெளிய தள்ளின மாதிரி இருந்துச்சு. அதுக்கு எத்தனை கைதட்டல் தெரியுமா? ‘இனி இவரே அட்மினா வரட்டும்’னு ஒரு கருத்துக் கணிப்பு வேற.”

“அதுக்காக?”

“ஒரே ஒரு சாயங்காலம். அவனும் ஒரு சாயங்காலம் அனுபவிக்கட்டும்னுதான் போட்டேன். காலைல எழுந்து ‘தவறான தகவல்’னு எடுத்துரலாம்னு இருந்தேன். காலைல பாத்தா ஊரு பூரா ஷேர் பண்ணியிருக்கு. எடுத்தா ‘எவ்வளவு வாங்கினே’ன்னு என் மேல பாய்வானுங்க. பயந்துட்டேன் மேடம். எனக்குத்தான் தெரியுமே அவனுங்களை.” போனைத் தள்ளி வைத்தாள். “படத்தை வெட்டினப்ப அந்தக் கையை நான் கவனிக்கவே இல்ல. அவங்கதான் வட்டம் போட்டாங்க. அப்புறம் பாக்கப் பாக்க எனக்கே அது அந்தப் பொண்ணு கை மாதிரித் தெரிய ஆரம்பிச்சுருச்சு. அவளுக்காக நானே ஒரு நாள் அழுதேன்.”

“அது அவன் பொண்டாட்டி கை.”

ரோகிணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொண்ணும் சொல்றேன்” என்றாள் மகாதேவி. தமீம் அவளிடம் இந்தக் குரலைக் கேட்டதில்லை. “நாளைக்கு இந்த மலையில நெசமாவே ஒரு பொண்ணுக்கு நடக்கும். அவ எழுதுவா. ‘இதுவும் அந்த ரோகிணி கதை மாதிரியா?’ன்னு கேப்பானுங்க. அவளுக்கு நீங்க என்ன பதில் வச்சிருக்கீங்க?”

வெளியே ஒரு குதிரை, முதுகில் ஆளில்லாமல், ஏரிப் பக்கமாக நடந்து போனது.

“போலீசுக்குப் போறது கண்மணி இஷ்டம். நான் தடுக்க மாட்டேன், தூண்டவும் மாட்டேன். நான் கேக்கிறது ஒண்ணுதான். எழுதின கையாலயே நெசத்தை எழுதுங்க. இப்ப. நான் இங்க இருக்கும்போதே.”

ரோகிணி எழுதினாள். அடித்து அடித்துத் திருத்தினாள். ‘சூழ்நிலையின் காரணமாக’ என்று ஆரம்பித்ததை மகாதேவி படித்துவிட்டு, “சூழ்நிலை எழுதல. நீங்க எழுதினீங்க” என்றாள். ரோகிணி அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். சின்னப் பதிவு. அந்தப் பெண் இல்லை, நான்தான் உண்டாக்கினேன், படத்திலிருப்பது அவர் மனைவியின் கை, கோகுல்ராஜ் குற்றமற்றவர். பதிவைப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி வைத்தாள்.

பிறகு அவள் செய்ததை மகாதேவி கேட்கவில்லை. கோகுல்ராஜை அட்மின் ஆக்கினாள். தன் பெயரை எடுத்தாள். தான் உண்டாக்கிய குரூப்பிலிருந்து வெளியேறினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளருக்குச் சாக்லேட் நிறுக்கப் போனாள்.

“கேஸ் முடிஞ்சது மேடம்” என்றான் தமீம், பைக்கைக் கிளப்பும்போது.

மகாதேவி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

*

மறுநாள் அவர்கள் வில்பட்டிக்குப் போனபோது முற்றத்தில் வெயில் அடித்தது. ஜீப்பின் மேல் உட்கார்ந்திருந்தான் கோகுல்ராஜ். தார்ப்பாயை எடுத்திருந்தார்கள். அவன் கையில் தமீம் கொடுத்த போன்.

“காலைல ஒரு ஆளு வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு” என்றாள் கண்மணி. “ஒரே ஒரு ஆளு. அவரும் முன்னாடியே சொன்னாரு, ‘நான் அடிக்கல, பக்கத்துல நின்னேன்’னு.”

“மத்தவங்க எல்லாம் எங்கக்கா?”

“மத்தவங்களுக்கு வேற சோலி வந்துருச்சு. இந்தா, நீயே பாரு.”

தமீம் தன் போனைத் திறந்தான். ரோகிணியின் பதிவுக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கிடந்தது. கோகுல்ராஜை அடித்தவர்கள், அடிக்கச் சொன்னவர்கள், வட்டம் போட்டவர்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருவரும் தன்னைப் பற்றி எழுதவில்லை. ரோகிணியைப் பற்றி எழுதினார்கள். அவள் புருஷன் ஏன் விட்டுப் போனான் என்று எழுதினார்கள். அவள் கடைப் படத்தைப் போட்டு, ‘இங்கே கல் விழ வேண்டும், எத்தனை மணிக்கு?’ என்று ஒருவன் கேட்டிருந்தான். ‘நான் வரேன்’ என்று அதற்குக் கீழே வரிசையாகப் பதில்.

தமீம் படிக்கப் படிக்க, அந்தப் பதில்கள் மறைந்துகொண்டே வந்தன. கல் எறியக் கூப்பிட்டவன் மறைந்தான். அவன் பின்னால் நின்றவர்கள் மறைந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தான். கோகுல்ராஜின் கட்டை விரல் போனில் அசைந்துகொண்டிருந்தது.

“அண்ணே, நீங்களா அழிக்கிறீங்க?”

“நல்லாக் கேளுப்பா” என்றாள் கண்மணி. “வெள்ளனே எந்திரிச்சதுலருந்து இதேதான். கஞ்சிகூடக் குடிக்கல. உங்களை மிதிச்ச கும்பலுக்கு நீங்களே காவலான்னு கேட்டேன். அந்தப் பொம்பளைய நெனச்சா எனக்கு வயிறு எரியுது. போட்டும், அவளும் படட்டும்.”

கோகுல்ராஜ் வலது காதைத் திருப்பினான். நிதானமாகச் சொன்னான்: “நான் அவங்களை மன்னிக்கல மேடம். இந்த ஜென்மத்துல முடியாது. ஆனா கல்லெறிவோம்னு எழுதியிருக்கானுங்க. இவனுங்க எழுதினா செய்வானுங்க. எனக்குத் தெரியும்.”

மகாதேவி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்தைப் பார்த்தாள். பூண்டுத் தாள்கள் நுனி மஞ்சளாகக் கிடந்தன.

தமீமின் போனில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது. அவனுக்குத் தெரிந்த பெயர்தான். அவன் கடையில் போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டு போனவன்.

‘இவன் எதுக்கு அவளைக் காப்பாத்துறான்? ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்கு. அன்னிக்கே நினைச்சேன்.’

அதற்குக் கீழே, பார்க்கப் பார்க்க, லைக்குகள் ஏறின. சிரிக்கும் முகங்கள் ஏறின. ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்றார் ஒருவர்.

தமீம் போனைப் பைக்குள் போட்டான்.

கோகுல்ராஜும் அதைப் படித்துவிட்டான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்மணி, “என்னங்க, என்ன எழுதியிருக்கான்?” என்று எட்டிப் பார்த்தாள். அவன் போனைச் சற்றே மறுபக்கம் சாய்த்துக்கொண்டான்.

“ஒண்ணுமில்ல. நீ போய்க் கஞ்சியக் கொண்டா.”

அவள் உள்ளே போகிற வரை பொறுத்திருந்தான். பிறகு அழித்தான்.

அடுத்தது வந்தது.